தண்டை கட்டிய கால்

ஏப்ரல் 21, திங்கள்

தண்டை இன்று கடைசிச் சோதனைக்காக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பெயரைக் கேட்டு வெள்ளித் தண்டை என்று நினைத்துவிடக் கூடாது. தனியாக இருக்கும் வயதானவர்கள் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை இது. உள்ளே ஒரு சிம் கார்டும் பேட்டரியும் இருக்கின்றன. ஆள் தடுமாறி விழுந்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போனில் மணி அடிக்கும். பெயர் வைத்தது எங்கள் ராஜ்மோகன் சார். கம்பெனி அவருடையது, பணம் அவருடையது, எனவே பெயரும் அவருடையதுதான்.

இது தோலைச் சுடுமா, சுடாதா என்று சொல்வதுதான் என் வேலை. கருவிகள் எல்லாம் சுடாது என்றே சொல்லிவிட்டன. ஏசி அறையில் பட்டையை ஓட விட்டுப் பார்த்ததில் 41 டிகிரியைத் தாண்டவில்லை. மே முதல் வாரம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு விழா வைத்துக் கட்டப்போகிறார் சார். நான் கையெழுத்துப் போட்டால் விழா. போடாவிட்டால் பந்தல்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்.

இரவு இட்லிக்கு ஊற்றும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பேங்கில் பணத்தைத் தவிர எதையும் தொட்டுப் பார்க்காத மனிதர்.

"வயசானவங்க காலுக்கு வெதுவெதுன்னு இருந்தா நல்லதுதான அம்மிணி?" என்றார்.

அங்கேதான் ஆபத்து என்று விளக்கினேன். தோசைக்கல்லில் கை பட்டால் கை தானாக விலகிக்கொள்ளும், ஒரு கொப்புளத்தோடு போகும். வெதுவெதுப்பான பொருளிலிருந்து யாரும் விலகுவதில்லை. 48 டிகிரியைப் பத்து நிமிடம் தாங்கும் தோல், இரவு முழுக்க என்றால் 43க்கு மேல் தாங்காது. சத்தமில்லாமல் வெந்துவிடும்.

"அப்ப தூங்கறவன் வெந்தே போயிருவானா?"

"எரியறப்பவே முழிச்சுக்குவானுங்க. தோல்னா சும்மாவா, அது உறங்காத காவக்காரன்."

"அது சரி. நீ மாத்திரை போட்டியா?"

எதைப் பேசினாலும் கடைசியில் என் சர்க்கரையில் கொண்டுவந்து நிறுத்துவார். எனக்கு இருப்பது லேசான சர்க்கரை. வெந்தயத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தியதை ஒரு குற்றம்போல் பேசுவது இவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருவிகள் பார்த்து முடித்த பிறகு மூன்று பேர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய், உடம்பில் கட்டிக்கொண்டு ஓர் இரவு தூங்க வேண்டும். காலையில் வந்து சுட்டதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். கருவி ஒன்று சொல்லி, கட்டியவர் வேறு சொன்னால், கட்டியவர் பேச்சுத்தான் எடுபடும். வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். தெர்மாமீட்டருக்கா தோல் இருக்கிறது?

இம்முறை நான், நசீமா, ராஜ்மோகன் சார். நசீமா என் பக்கத்து மேசை, இரண்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கும் இன்ஜினீயர். நல்ல பெண், ஆனால் எதற்கும் சந்தேகம். உப்புமாவில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்த்துத்தான் சாப்பிடுவாள்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். தண்டையை இடது கணுக்காலில் கட்டி, மேலே சாக்ஸ் போட்டாயிற்று. மலையடிவாரக் குளிருக்குக் கிழவர் கிழவிகள் சாக்ஸ் போடாமல் தூங்க மாட்டார்கள்.

ஏப்ரல் 23, புதன்

சுகமான தூக்கம். ஒன்றும் தெரியவில்லை.

ஆபீசில் போய்ப் பார்த்தால் நசீமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கால் எரிகிறது என்று கழற்றிவிட்டாளாம்.

"நெருப்பு மாதிரி இல்லீங்க்கா. ஆனா தொடர்ந்து குத்திக்கிட்டே இருந்துச்சு. என்னால முடியல."

"பட்டுப் பூச்சி உடம்பு உனக்கு. கல்யாணம் பண்ணி அடுப்படிக்குப் போனா என்ன பண்ணுவ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ராஜ்மோகன் சார் காலில் கட்டியதையே மறந்து குளித்தேன் என்கிறார். ஆக இரண்டுக்கு ஒன்று.

ஆனால் மத்தியானம் பட்டைகளுக்குள் இருந்த வெப்பக் கணக்கை கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். சாரின் பட்டை 40. நசீமாவின் பட்டை அவள் கழற்றும்போது 45. என்னுடையது இரவு பாதிக்கு மேல் 46.

காரணம் நசீமாதான் கண்டுபிடித்தாள். சாரின் வீட்டுக்கு எதிரிலேயே செல்போன் டவர் நிற்கிறது. எங்கள் இருவர் வீட்டிலும் சிக்னல் சரியாக எடுக்காது. சிக்னல் இல்லாத இடத்தில் பட்டை டவரைத் தேடித் தேடிக் கத்துகிறது, கத்தக் கத்தச் சூடாகிறது. மேலே சாக்ஸ், அதற்கு மேலே போர்வை. ஏசி அறையில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

காரணம் சரிதான். ஆனால் 46 சரியில்லை. அத்தனை நேரம் 46 டிகிரி காலில் இருந்திருந்தால் நான் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டேனா? என் பட்டையில் இருக்கும் உணர்கருவி கெட்டுப்போயிருக்கிறது. நாளை அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

உணர்கருவியைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டேன், பூஜ்யம் காட்டியது. வெந்நீரில் நல்ல தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டேன், இரண்டும் ஒரே கணக்கைக் காட்டின. கெட்டுப்போகவில்லை.

தூக்கத்தில் பட்டை காலிலிருந்து கழன்று ஆடையில் சுருண்டு கிடந்திருக்கலாம். இன்று மறுபடி கட்டுகிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கழலவே இல்லை. மறுபடியும் 46. மறுபடியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நசீமா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஏறக்கொறைய ஒரே சூடுதானுங்க்கா. எனக்கு எரிஞ்சுது, உங்களுக்கு எரியலீன்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு அனுபவம் இருக்குன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகு பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. திரும்பிப் போய் எடுத்து வந்தேன். வார் தளர்ந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

இடது கணுக்காலில் கொசு கடித்து வைத்திருக்கிறது. மஞ்சள் பூசினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோவிலுக்குப் போனோம். உச்சி வெயிலில் பிராகாரத்துக் கல் கொதித்தது. விரிப்பு போட்டிருந்தது, ஆனால் அதிலெல்லாம் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து சுற்றியதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் நிதானமாக மூன்று சுற்று சுற்றினேன்.

"நீயென்ன தீக்குண்டம் எறங்கறவளாட்ட நடக்கற?" என்று தூண் நிழலிலிருந்து கத்தினார்.

"மனசு சுத்தமா இருந்தா சுடாதுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைக் கும்பிட்டாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் என் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் பார்க்காத பாதத்தை இப்போது என்ன பார்ப்பது? போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சார் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டார்.

"வசந்தாமணி மேடம், எனக்கு நீங்க ஒரே வார்த்தை சொல்லுங்க. நீங்க கட்டுனீங்களா, இல்லியா?"

"ரெண்டு தடவ கட்டுனனுங்க."

"சுட்டுதா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க யோசனை? பதினாறு வருசமா உங்க தோலைத்தான நம்பி சாமானை வெளிய அனுப்பறேன்."

அதைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. உண்மையும் அதுதானே. ஹெட்போனாக இருக்கட்டும், இடுப்பு பெல்ட்டாக இருக்கட்டும், நான் சரி என்ற எதுவும் இதுவரை ஒருவரையும் சுட்டதில்லை. பட்டைக்கு மேல் சாக்ஸ் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், சரி என்றார். கையெழுத்துப் போட்டேன்.

நசீமா மதியம் என்னோடு சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். போகட்டும். நாளைக்கு அவளும் ஒரு கையெழுத்துப் போடும் நிலைக்கு வருவாள், அப்போது தெரியும்.

ஏப்ரல் 30, புதன்

கொசுக்கடி இல்லை போலிருக்கிறது. சாக்ஸைக் கழற்றும்போது ஒட்டிக்கொண்டு வந்தது. செருப்பு வார்தான் கடித்திருக்க வேண்டும். வார் அந்த இடத்துக்கு வராதே என்று இவர் கேட்பார், அதனால் காட்டவில்லை.

மே 2, வெள்ளி

மாவு அரைத்தேன். தேங்காய் விலை கேட்டால் சட்னியே வேண்டாம் என்றிருக்கிறது. கால் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 4, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது. வாழைமரம், மைக், சால்வை எதற்கும் குறைவில்லை. மலை பக்கத்திலேயே இருப்பதால் காற்று குளுகுளு என்று வந்தது. முப்பது பேரையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தோம். பத்துப் பேருக்கு நானே கீழே உட்கார்ந்து கட்டிவிட்டேன்.

மரகதம் என்று ஒரு அம்மா, எழுபது தாண்டியிருக்கும். மில்லில் வேலை பார்த்தவராம். "கண்ணு, இதக் கட்டுனா எம் பையன் துபாய்ல இருந்து என்னயப் பாப்பானா?" என்று கேட்டார். பார்க்க முடியாது, விழுந்தால் தெரியும் என்றேன். "அப்ப ஒருக்கா உழுந்து பாக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தார். கால் பனிக்கட்டி மாதிரி இருந்தது. குளிர் தாங்காது என்று அவரே சாக்ஸை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். நான் சேர்த்துக்கொள்ளச் சொன்ன வரியை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து யார் படிக்கப்போகிறார்கள்?

வர நேரமாகும் என்று இவரிடம் சொல்லலாம் எனப் போனை எடுத்தால், ஒரு கோடு கூடச் சிக்னல் இல்லை. வார்டன் அம்மா சிரித்தார். "இங்க எப்பவுமே அப்படித்தானுங்க. மொட்டை மாடிக்குப் போனா லேசா கெடைக்கும்."

போனைப் பைக்குள் போட்டேன். நசீமா பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் காபி வாங்கப் போனேன்.

46 டிகிரியை நான் இரண்டு இரவு தாங்கியிருக்கிறேன். இவர்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆகக் கூடாது.

மே 6, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்தபோது இவர் மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாடை வருது அம்மிணி." எலி செத்திருக்கும் என்றேன். கட்டிலுக்கு அடியில் தேடினார். பிறகு எழுந்து என் புடவைக் கரையைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்து, ஓரமெல்லாம் ஈரமாக இருந்தது. தண்டையின் பேட்டரி இருக்கும் இடம் அப்படியே அச்சுக் குத்தியதுபோல் தெரிந்தது.

"வலிக்கலியா?"

"இல்லீங்க."

"இது வலிக்காம இருக்குமா?" என்றார் இவர். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று வழக்கமாகச் சொல்லும் பழமொழியைச் சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார். மானியில் வந்த எண்ணை என்னிடம் சொல்லாமல் இவரிடம் காட்டினார். பிறகு என்னைப் படுக்கச் சொன்னார். கையில் ஒரு பிளாஸ்டிக் பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று.

"கண்ணை மூடிக்குங்க. இதால பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

கண்ணை மூடினேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியில் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். சரி, கருவியைத் தயார் செய்கிறார் போலிருக்கிறது, நம் ஆய்வுக்கூடத்திலும் இப்படித்தான் நேரமாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேனுங்க" என்றார்.

கண்ணைத் திறந்தபோது இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கால் மரத்துப்போய் ஒரு வருடமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. கோவிலில் நடந்ததைச் சொன்னேன். அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, அடியிலும் இரண்டு இடத்தில் வெந்திருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் காலுக்காக அழவில்லை. முப்பது பேருடைய காலில் நான் கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு இரவு ஏற்கெனவே போய்விட்டது.

அங்கிருந்தே சாருக்கு போன் செய்தேன். உடனே கழற்றச் சொல்லுங்கள், என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் என் கால் எப்படி இருக்கிறது என்று அக்கறையாகத்தான் கேட்டார். பிறகு, காலையில் நேரில் பேசலாம் என்றார். இல்லத்துக்குக் கூப்பிட்டேன், மாலை முழுவதும் கூப்பிட்டேன், மணியே போகவில்லை. அவசரம், பட்டைகளைக் கழற்றுங்கள் என்று வார்டன் அம்மாவுக்கு அனுப்பிய செய்தி அப்படியே நின்றது. இவர் காரெடுக்கிறேன் என்றார். டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்ய உள்ளே படுக்க வைத்து, கூட ஆள் வேண்டும் என்று இவரையும் நிறுத்திவிட்டார்.

இன்று காலை கட்டோடு ஆபீசுக்குப் போனேன். சாருக்கு எதிரில் நானும் நசீமாவும் உட்கார்ந்தோம்.

"மேடம், உங்களுக்குச் சர்க்கரை இருக்கறதால இப்படி ஆயிருச்சு. அதுக்குப் பொருள் என்னங்க பண்ணும்? நல்ல ஆளு ஒருத்தரை வெச்சு மறுபடி கட்டிப் பாத்துக்கலாம்."

"நல்ல ஆளுதான் நசீமா. அவ அன்னிக்கே எரியுதுன்னு சொன்னா. நாந்தானுங்க சிரிச்சேன்."

"சரி, அப்ப உங்க சோதனை செல்லாது. அவ்வளவுதான?"

"செல்லுமுங்க, சார். அறுபது எழுபது வயசு ஆளுங்களுக்குத்தான விக்கறோம்? அவங்கள்ல எத்தன பேருக்குங்க கால் மரத்துப் போகாம இருக்கும்? நான் தப்பான ஆளு இல்லீங்க. நீங்க விக்கப்போறதே எனக்குத்தானுங்க."

சார் மேசையிலிருந்த பத்திரிகையை என் பக்கம் தள்ளினார். விழா படம் வந்துவிட்டது என்றார். இல்லத்துக்கு ஆள் அனுப்பிச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு நாள் பொறுங்கள் என்றார். இன்னும் இரண்டு இரவு. நான் எழுந்தேன்.

"இப்பப் போனீங்கன்னா, மேடம், நாளைலருந்து இங்க வர வேண்டியதில்ல."

நசீமா என்னைக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டாள்.

போகும் வழியில் அவள் முதுகிடம் மன்னிப்புக் கேட்டேன். "காத்துல கேக்கலீங்க்கா" என்றாள். கேட்டிருக்கும்.

வார்டன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் ஆயாக்களைக் கூட்டி வந்தார். ஒவ்வொருவர் காலாகக் கழற்றினோம். பாதிக்கு மேல் ஒன்றுமில்லை. நான்கு பேர் எரிகிறது என்று அவர்களே கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சிலருக்குச் சிவந்திருந்தது. நான் குனிந்து பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், "நீ தொட்டுப் பாரு நசீமா, நான் சொன்னா சரியா இருக்காது" என்றேன்.

மரகதம்மாள் கடைசிக் கட்டிலில் இருந்தார். சாக்ஸை உருட்டிக் கழற்ற விடவில்லை.

"வேண்டாங் கண்ணு. எங்கால் எப்பவும் சில்லுன்னு கட்டையாட்டக் கெடக்கும். ரெண்டு நாளாத்தான் யாரோ பக்கத்துல உக்காந்து கால் புடிச்சு உடறாப்பல இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்."

"எரியுதுங்களா?"

"இல்லியே."

கழற்றினேன். பட்டைக்கு அடியில் தோல் வெளுத்து எழும்பி, ஒரு பெரிய கொப்புளம் நீர் கட்டி நின்றது. நான் கையெழுத்துப் போட்ட சூடு அது. என் காலில் வராத வலி அங்கே, அந்த இடத்தில், எனக்கு வந்தது. நசீமா குளிர்ந்த தண்ணீரும் துணியும் கொண்டுவர ஓடினாள். வார்டன் அம்மா டாக்டரைக் கூப்பிட மொட்டை மாடிக்கு ஏறினார்.

மரகதம்மாளுக்குத் தன் கால் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. "எதுக்கு அழுகற? வெள்ளிக் கொலுசாட்டம் வெச்சிருந்தேன். அதயும் எடுத்துட்டு, அழுகவும் செய்யற." காலை இழுத்துக்கொண்டார். "இனி ராத்திரிக்கு யாரு என்ற காலுக்குச் சூடு குடுப்பா?"

"சூடு வேண்டாமுங்க. புண்ணு ஆறட்டும். நான் வந்து அந்தக் காலைப் புடிச்சு உடறேன்."

"நீ பெரிய உத்தியோகக்காரி. உனக்கேது நேரம்?"

"நாளைலருந்து சும்மாத்தானுங்க இருக்கேன்" என்றேன்.